ஒரே பெயர் கொண்ட வருடங்கள்

பூங்கோதை இறந்து காலண்டர்படி மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கணக்கில் அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை.

அலங்காரத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. என் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி இருந்தது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. நாங்கள் சுருக்கி என்போம். எதுவும் நடக்காத நேரத்தை மூளை பதிந்துகொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். அதோடு வேலை செய்யலாம், சாப்பிடலாம், சண்டை போடலாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த பொழுதெல்லாம் மனத்தில் தங்காமல் உதிர்ந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அரை நாள் போனதுபோல இருக்கும். மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் கப்பல்காரர்களுக்காகக் கண்டுபிடித்தது, பிறகு மனிதர்கள் தனியாகக் கிடந்து வாட வேண்டிய எல்லா இடங்களுக்கும் பரவிவிட்டது. நான் அதைப் பொருத்துகிறவன், அது தானே அணைந்துவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கிறவன். பெயர் வில்வநாதன், ஊர் விருத்தாசலம்.

கம்பெனி என்னை அனுப்பிய இடம் தின்-அமேல். சகாராவில், அயிர் மலைகளுக்கு மேற்கே, துவாரெக் போராளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் தங்கவைத்திருந்த முகாம். துவாரெக் மக்கள் ஒட்டகமும் ஆடும் மேய்த்து அந்த மணலில் காலங்காலமாக அலைகிறவர்கள். அங்கே முகத்தை மூடிக்கொள்வது ஆண்கள்தான், பெண்கள் இல்லை. கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். கோபித்துக்கொண்டு வெளியே போக வேண்டியவன் புருஷன். பூங்கோதையிடம் போனில் இதைச் சொன்னபோது, முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அங்கயே பொறந்திருப்பேன் என்றாள்.

தலைநகரத்தில் துவாரெக் கிளர்ச்சிகளுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானால் ஒரு எண் முடிந்தது. மறுபடி துப்பாக்கி வெடித்தால் அடுத்த எண். நான் போய் இறங்கியபோது ஐந்தாவது முடிந்திருந்தது. கடைசிச் சண்டைக்குக் காரணம் ஒரு கிணறு. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒன்பது பேரைச் சிப்பாய்கள் சுட்டுவிட்டார்கள். அதற்கு விசாரணை நடக்கும், வேலி போட்டு வளைத்த மேய்ச்சல் நிலம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்தாகியிருந்தது. அது வரைக்கும் போராளிகள் முகாமில் இருக்க வேண்டும், காதுக்குப் பின்னால் சுருக்கியோடு.

இந்த யோசனை ஆணையர் கர்பாவுடையது. தெற்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையில் ஒரு கெட்டவனைத் தேடுகிறவர்களுக்கு அவர் வசதியாகக் கிடைப்பார். அவர் பேசியது பிரெஞ்சு. என் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி முதலில் அதைப் புத்தகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவரோடு குடும்பம் நடத்துவதுபோல இருந்ததால் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றி வைத்தேன். அதனால் ஆணையர் எனக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்போலத்தான் பேசினார்.

"இவங்க ஏன் திரும்பத் திரும்பத் துப்பாக்கி எடுக்குறாங்க? நாங்க குடுத்த வாக்கை நிறைவேத்த வருஷக்கணக்கா ஆவுது. அரசாங்கம்னா அப்படித்தான், அதை வேகப்படுத்த என்னால முடியாது. இவங்களால அதுவரைக்கும் பொறுக்க முடியல. காத்திருக்கறதையே சின்னதாக்கிட்டா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவரும் ஒன்று பொருத்திக்கொண்டார். எனக்கு ஏற்கெனவே இருந்தது. அந்த இடத்தில் சுருக்கி இல்லாமல் மனிதன் இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். என் அறை ஒரு சரக்குப் பெட்டி. கதவைத் திறந்தால் மணல், மூடினால் மணல் மோதும் சத்தம். தமிழில் பேச அந்த மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றுதான்.

மூன்று வருட ஒப்பந்தம் எனக்கு மூன்று வாரமாகத்தான் தெரியும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உங்களுக்கு மூணு வாரம், எனக்கு எவ்வளவு என்று பூங்கோதை கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன். முதல் வருடத்திலேயே அவள் படுத்துவிட்டாள். அடிக்கடி பேசுவதாகத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மகள் நறுமுகை ஒருநாள் கூப்பிட்டாள்.

"நேத்திக்குத்தான் அம்மாகிட்ட பேசினேன்னு சொல்றீங்க. நீங்க தீவாளிக்குப் பேசினீங்கப்பா. இப்ப மாசி மகத்துக்குத் தேரு கட்டறாங்க."

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதிவரைக்கும் இருங்கள் என்று நறுமுகை கெஞ்சினாள். அந்த வீட்டில் ஒவ்வொரு மூலையும் எதையாவது ஞாபகப்படுத்தியது. அங்கே சும்மா போகிற பொழுது என்று ஒன்றே இல்லை, சுருக்கி எதையும் கழிக்கவில்லை. தாங்க முடியாமல் மூன்றாம் நாளே கிளம்பி வந்துவிட்டேன். ஒப்பந்தத்தையும் நீட்டித்துக்கொண்டேன்.

கைஷாவை அதற்குப் பிறகுதான் சந்தித்தேன். என் பெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், வறண்ட ஆற்றுப் படுகையின் கரையில் அவள் கூடாரம். ஐம்பது வயது இருக்கும், உரத்த சிரிப்பு. கிணற்றடியில் விழுந்த ஒன்பது பேரில் ஒருவன் அவளுடைய மூத்த மகன். இளையவன் ரிஸ்ஸா போராளி, முகாமில் சுருக்கியோடு இருந்தான். பெண்களுக்குக் கட்டாயமில்லை என்பதால் கைஷா பொருத்திக்கொள்ளவில்லை. என் பொழுதை நானே பாத்துக்கறன் என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் எடுத்தவுடன் விஷயத்துக்கு வரமாட்டார்கள். வெயில் எப்படி, ஆடுகள் எப்படி, உடம்பு அலுப்பு எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்து, கடைசியில் என் மனைவி சுகமா என்று கேட்டாள். இறந்துவிட்டாள் என்றேன். எப்போது? போன வாரம் என்று சொன்னேன். மனத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். அவள் எழுந்து போனாள். சற்று நேரத்தில் முகாமின் பெண்கள் பாதிப்பேர் என் பெட்டி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கம்பும் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் இடித்துக் கரைத்த கூழ் வந்தது. தொடர்ந்து ஒரு வாரம் எனக்கு யாராவது ஒருவர் துணை இருந்தார்கள். பூங்கோதை இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அப்புறம்தான் யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிந்தது.

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கைஷா வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இனிமேல் நீ எனக்கு மாமன் மகன் என்றாள். அவர்களிடமும் மாமன் மகனையும் அத்தை மகளையும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். முன்பின் தெரியாதவனைக் கேலி செய்ய முடியாது. என்னைத் திட்ட வேண்டும் என்பதற்காகவே உறவு கொடுத்தாள். அம்மாவுக்கு மாமன் மகன் என்றால் பிள்ளைக்குச் சித்தப்பா முறை. ரிஸ்ஸா அன்றிலிருந்து என்னைச் சித்தப்பா என்றே கூப்பிட்டான். அந்த மணல்காட்டில் அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் வருடத்துக்குப் பெயர் வைப்பார்கள். எண் கிடையாது. ஆற்றுப் படுகையில் ஆண்கள் கூடி, அந்த வருடத்தில் எது பெரிதாக நடந்ததோ அதையே பெயராக்குவார்கள். வெட்டுக்கிளி வந்த வருடம், ஒட்டகங்கள் இருமிய வருடம், வெள்ளம் கூடாரத்தைத் தூக்கிய வருடம். வருடம் முடியாமல் பெயர் வைக்கமாட்டார்கள். பெயர் வைத்துவிட்டால் அது முடிந்துபோன வருடம்.

நான் போன வருடத்துக்குக் கிணற்றடி வருடம் என்று பெயர் வைத்தார்கள். சரிதான். அடுத்த வருடமும் கூடினார்கள், கலைந்தார்கள். மறுபடியும் கிணற்றடி வருடம். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இரண்டு வருடமும் எனக்கே ஒன்றாகத்தான் இருந்தன. மூன்றாவது முறையும் அதே பெயரைச் சொல்லிவிட்டு அவர்கள் எழுந்துபோன அன்று கைஷா என் வாசலில் வந்து நின்றாள். வெயில் எப்படி என்று கேட்கவில்லை, ஆடுகளைப் பற்றிப் பேசவில்லை. அதிலிருந்தே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஒரு பேரை ரெண்டு வருஷத்துக்கு யாரும் வச்சதே இல்ல. இவனுங்க மூணு வருஷமா வச்சிருக்கானுங்க. இந்த வருஷம் மலையே பொளந்துக்கிற மாதிரி மழை பேஞ்சுது, எட்டு கொழந்தைங்க பொறந்துச்சி. ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. எம்புள்ள நேத்திக்குத்தான் மூத்தவனைப் பொதைச்சிட்டு வந்த மாதிரி அழுவுறான். என்னாத்தை வச்சீங்க அவனுங்க காதுல?"

நான் விளக்கினேன். சும்மா இருக்கிற பொழுதைக் கழித்துவிடும் கருவி, மற்றபடி கெடுதல் ஒன்றும் கிடையாது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருக்கிற பொழுதுலதான மாமன் மவனே, மனசு ஆறும்?"

கம்பெனியில் எத்தனை மருத்துவர்கள், எத்தனை ஆய்வுகள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவன் நான். இத்தனை வருடமாகப் பூங்கோதையின் கொலுசுச் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள்கூட அது மெலிந்ததில்லை.

கைஷாவுக்கு எப்படி ஆறியது என்று கேட்டேன். ஆறியது என்று யார் சொன்னது என்று சீறினாள். கிணற்றடிக்குப் பிறகு கூடாரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் போட்டாளாம். செத்தவர் இருந்த இடத்தில் குடியிருக்க மாட்டார்கள், செத்தவர் பெயரைச் சொல்லவும் மாட்டார்கள். அவளும் மூத்தவன் என்றுதான் சொல்வாள். இரண்டாம் வருடம் ஒருநாள் ஆடு கறக்கும்போது தன்னை அறியாமல் பாட்டு வந்துவிட்டதாம். வெட்கமாகிப் போய்ப் பாதியில் நிறுத்திவிட்டாளாம்.

"கோவம் போயிடுச்சின்னு நெனைக்காத. கோவம் வேற, கேக்கறது வேற. அந்தக் கிணத்துக்கு நான் சாவுற மட்டும் பதில் கேப்பன். கேக்கணும்னா மொதல்ல உசுரோட இருக்கணும். இவனுங்க சாவறதுக்குத் துடிக்கிறானுங்க. எனக்கு இருக்கறது ஒரே புள்ள. அதை அவன் காதுலேந்து எடுத்துடு."

அன்றே கர்பாவிடம் போனேன். எல்லாச் சுருக்கிகளையும் அணைக்க வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று வருடத்தில் ஒரு கைகலப்புக்கூட இல்லை, தலைநகரம் பாராட்டுகிறது, அமைதியான முகாமை எதற்காகக் கலைக்க வேண்டும்? கிணற்று விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. இப்பத்தானே அனுப்பியிருக்கிறேன், போன வாரம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

அவர் அதை அனுப்பும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அது முதல் வருடம். மேசையில் அன்று மாம்பழம் இருந்தது, தெற்கிலிருந்து யாரோ அனுப்பியது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் மூன்று வருடமாக வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோல.

மறுநாள் மாலை ரிஸ்ஸா வந்தான். நீலத்துணியால் கண்வரைக்கும் மூடியிருந்தான். நானே பேச்சைத் தொடங்குவதற்குள் அவன் கேட்டுவிட்டான். எல்லாருடைய கருவியையும் அடுத்த இரண்டு நாளில் சரிபார்த்து, எவ்வளவு நாள் ஓடுமோ அவ்வளவு நாள் ஓடும்படி வைத்துத் தர வேண்டும். மறுபடி துப்பாக்கி எடுக்க அவர்கள் மலைக்குப் போகிறார்கள். சுருக்கியின் அளவைச் சரிசெய்யும் டியூனர் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

கைஷா சொன்னதைச் சொன்னேன். இந்தக் கருவி உங்களை ஏமாற்றுகிறது, அண்ணன் போய் வருடங்கள் ஆகிவிட்டன, இதை எடுத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும் என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் முன் மணலில் உட்கார்ந்தான்.

"தெரியும் சித்தப்பா. போன வருஷமே தெரிஞ்சி போச்சி. எங்கப்பாவும் துப்பாக்கி தூக்கினவருதான். மலையில இருந்தாரு, பொழுது போகப்போகக் கோவம் தணிஞ்சிது. எல்லாருக்கும் தணியும். அந்த நேரம் பாத்துக் கையெழுத்துக்குக் கூப்புடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடிஞ்சிருக்கு. எங்களுக்குத் தணியாது. தணியாம பாத்துக்கறதுக்கு ஒண்ணை நீங்களே கொண்டாந்து குடுத்துட்டீங்க."

அவன் குரல் இறங்கியது.

"இதை அணைச்சா அவன் தூரமாப் போயிடுவான். இப்ப கண்ணை மூடினா பக்கத்துல நிக்கறான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும். சுருக்கியை என் காதிலிருந்து நான் ஏன் எடுக்கவில்லை? என் டியூனர், என் காது, ஒரு நிமிட வேலை. பாலைவனத்தைத் தாங்க முடியாது என்பதெல்லாம் முதல் வருடத்துச் சாக்கு. எடுத்தால் அவள் போய்விடுவாள். காலண்டர் சொன்ன தூரத்துக்குப் போய்விடுவாள். சுருக்கி இருப்பதால்தான் அவள் போன வாரம்வரை உயிரோடு இருந்தவளாக இருந்தாள்.

நாளைக்கு வா என்று அவனை அனுப்பிவிட்டேன். டியூனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. ரிஸ்ஸாவை ஏமாற்றி அவனுக்குத் தெரியாமல் அணைக்கலாம். அது கர்பா செய்தது: அவர்கள் மனத்துக்குள் அவர்களைக் கேட்காமல் கை வைப்பது. மற்றவர்களுடையதை மட்டும் அணைத்துவிட்டு என்னுடையதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியும். கடைசியில் கூடாரத்து முளை அடிக்கிற சுத்தியலைக் கைஷாவிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நான் டியூனரை அடித்து உடைக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அவள் என்னைவிட அதிகமாகப் பதறினாள்.

ரிஸ்ஸா வந்தபோது துண்டுகளைக் காட்டினேன். யாருடைய கருவியும் உடனே நிற்காது, கடைசியாகச் சரிபார்த்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆகும்போது ஒவ்வொன்றாகத் தானே அணையும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் கை இடுப்புக் கத்திக்குப் போனது. பிறகு என் காதைப் பார்த்தான்.

"உங்களுதும் அணைஞ்சிடுமே."

"ஆமாம்பா."

"அப்ப சித்தி?"

அவன் கத்தியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விடிந்து பார்த்தபோது முகாமில் ஆண்கள் இல்லை. கைஷாவிடம் அவன் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தலைநகரத்து வானொலி அதை ஆறாவது கிளர்ச்சி என்றது. எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று வெடித்ததாம்.

சாலைகள் அடைபட்டதால் என்னாலும் போக முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால் என்னுடையது அணைந்தது. ஒரு காலை வேளையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கவே இல்லை. அடுப்பு கெட்டுவிட்டது என்று குனிந்து பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் கொதிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் மறந்திருந்தேன்.

ஒரு மதியம் எவ்வளவு நீளம் என்பது சுருக்கி வைத்திராதவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். எனக்கு அது ஒரு மாதமாக நீண்டது. ஈ ஒன்று பெட்டிக்குள் சுற்றியது. நான் அதையே பார்த்தேன். தனிமை என்று இதற்கு முன் நான் சொன்னதெல்லாம் சும்மா; அது வெறும் ஆளில்லாத இடம். இப்போது இருந்தது நானும் பொழுதும் மட்டும், நடுவில் எதுவும் இல்லாமல். சத்தமாகப் பூங்கோதையைக் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். கைஷா வந்து பார்த்துவிட்டு ஆறுதல் எதுவும் சொல்லாமல், நாளையிலிருந்து ஆடுகளை நீ ஓட்டிக்கொண்டு போ என்றாள். அவள் மகன் மலையில் இருந்தான். என் துக்கத்தைத் தேற்ற அவளிடம் பொழுது இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கர்பா என் வாசலில் வந்து உட்கார்ந்தார். சட்டை பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். அவருடையதும் அணைந்துவிட்டது.

"போன வாரம்னு சொன்னேனே உங்ககிட்ட. மூணு வருஷமய்யா. அந்தக் கைஷா எத்தினி தடவை என் வாசல்ல வந்து நின்னிருப்பா? எனக்கு ஒரே ஒரு தடவைதான் ஞாபகம் இருக்கு."

சாலை திறந்த முதல் நாளே தலைநகரத்துக்குக் கிளம்பினார். ஒரு அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். உள்ளே கூப்பிடும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்றாராம். அந்த வராந்தாவில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சுருக்கி வைத்திருப்பார்களோ என்றும் தோன்றும்.

மலையிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். எல்லாரும் இல்லை. சுருக்கி அணைந்தும் அங்கேயே இருந்தவர்கள் உண்டு. அது அவர்களே யோசித்து எடுத்த முடிவு. அணைவதற்கு முன்பே குண்டுக்குப் பலியானவர்களும் உண்டு. திரும்பியவர்கள் யாரைக் கேட்டாலும் ரிஸ்ஸாவைப் பற்றித் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்தது. வருடத்துக்குப் பெயர் வைக்கப் பெண்கள் கூடினார்கள். பலர் பல பெயர் சொன்னார்கள். கைஷா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். எம்புள்ள என்ன ஆனான்னு தெரியாம இந்த வருஷத்தை மூடமாட்டன் என்றாள். பெயர் இல்லாமலே அது அடுத்த வருடத்துக்குள் நீண்டுகொண்டு போனது.

நான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் அவனைப் பார்த்தேன். அம்மாவின் கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் சரியில்லை. முகத்துணி கழுத்தில் கிடந்தது. பெற்றவள் முன்னால் அப்படி இருப்பது வழக்கமில்லை, அவனுக்கு அந்த நினைவே இல்லை. கைஷா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. வெயில் எப்படி, அலுப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

காவலுக்கு ஒரு பாறைமேல் தனியாக இருந்தபோது அணைந்ததாம். அதன்பிறகு ஒவ்வொரு பகலும் முடியவே இல்லையாம். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"அவன் மூஞ்சி மங்குது சித்தப்பா. பக்கத்துல வரமாட்டேங்கறான்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவனிடமிருந்து நான்தான் அதைப் பறித்தேன். எனக்கும் கொலுசுச் சத்தம் தினமும் கேட்பதில்லை இப்போதெல்லாம்.

கைஷா அப்போது அந்த ஊரில் யாரும் செய்யாததைச் செய்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தன் பக்கம் இழுத்து, அவன் காதில் மூத்தவனின் பெயரைச் சொன்னாள். ஒரே ஒருமுறை. ரிஸ்ஸா அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தான். பிறகு சின்னப் பையன்போல அவள் மடியில் கவிழ்ந்துவிட்டான். என் காதுக்கருவி அந்தப் பெயரைப் பிடித்துவிட்டது. அதை இங்கே நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் பெண்கள் மறுபடி கூடினார்கள். பையன்கள் நடந்து வந்த வருடம் என்று பெயர் வைத்தார்கள். கிணற்று விசாரணை இன்னும் நடக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில் வேலி அப்படியே இருந்தது. தலைநகரம் ஆறாவதையும் முடிந்த கணக்கில் எழுதிவிட்டது. கைஷா ரிஸ்ஸாவையும் கூட்டிக்கொண்டு, ஆடுகளைப் பக்கத்துக் கூடாரத்தில் ஒப்படைத்துவிட்டு, கர்பா உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் தானும் போய் உட்காரக் கிளம்பினாள். எத்தனை நாளானாலும் பரவாயில்லை என்றாள். போகும்போது திரும்பிப் பார்த்து, உன் பொண்டாட்டி போயி எவ்வளவு நாளாச்சி மாமன் மவனே என்று கேட்டாள். கேலியா, விசாரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பதிலுக்கும் அவள் நிற்கவில்லை.

ஆற்றுப் படுகையில் அவர்கள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெட்டிக்குள் போய் நறுமுகையைக் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும், என்னப்பா, நேத்திக்குத்தானே பேசினோம்னு ஆரம்பிக்கப் போறீங்களா என்றாள்.

"இல்லம்மா. நாம பேசி நாலு மாசம் ஆவுது. அம்மாவுக்குத் திதி வருதில்ல, நான் வர்றன்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அந்த நேரம் முழுவதையும் நான் உட்கார்ந்து கேட்டேன்.

"இது நாலாவது திதிப்பா" என்றாள்.

"தெரியும்மா. நாலு வருஷம் ஆயிடுச்சி."